கன்சாய்–ஹிரோஷிமா ஏரியா பாஸ்: 17,000 யென்னுக்கு எத்தனை ஊர் பார்க்கலாம்?

ஜப்பான் பயணம் என்றதுமே பலரும் விசாரிப்பது நாடு முழுக்கச் செல்லும் ஜப்பான் ரயில் பாஸைத்தான். 2023 அக்டோபரில் அதன் 7 நாள் விலை 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 யென்னுக்குப் போய்விட்டது. டோக்கியோவில் இறங்கி, கியோட்டோ பார்த்து, ஹிரோஷிமா வரை போய்த் திரும்பும் வழக்கமான பயணத்துக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. அந்தப் பயணத்தின் மேற்குப் பாதிக்கு மட்டும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) வெஸ்ட் நிறுவனம் ஒரு வட்டாரப் பாஸ் விற்கிறது. பெயர் கன்சாய்–ஹிரோஷிமா ஏரியா பாஸ். கன்சாய் என்பது ஒசாகா, கியோட்டோ, நாரா உள்ள வட்டாரம். தொடர்ந்து 5 நாள், பெரியவருக்கு 17,000 யென், 6 முதல் 11 வயதுவரை பாதி விலை. கோயில், கோட்டை, தோட்டம் என்று பார்க்க வருகிறவர்களுக்கு இப்போது நல்ல கணக்கு இதுதான். ஆனால் எந்த ஐந்து நாளுக்கு இதைப் போடுகிறீர்கள் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஒரு வழிக்கே சுமார் 10,000 யென். போய்வந்தாலே பாஸின் விலை தாண்டிவிடும். கன்சாய் விமான நிலையத்திலிருந்து கியோட்டோவுக்கு ஹாருகா விரைவு ரயில் 3,500 யென் அளவில். நாரா, ஊஜி போய்வர 1,500. கியோட்டோவிலிருந்து ஹிமேஜிக்கு 2,300, அங்கிருந்து ஹிரோஷிமாவுக்கு 8,000 அளவில். மியாஜிமா தீவுக்கு ரயிலும் படகும் சேர்த்துப் போய்வர 1,240. கடைசியில் ஷின்-ஒசாகாவுக்குத் திரும்ப 10,000. மொத்தம் 26,500 யென்னுக்கு மேல். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கும், திரும்பி டோக்கியோவுக்கும் தனித்தனியாக 14,000 கொடுத்து ஷின்கான்சென் டிக்கெட் வாங்கினால்கூட, இந்தப் பாஸோடு சேர்த்து 45,000 தான் ஆகிறது. நாடு தழுவிய பாஸைவிட 5,000 குறைவு. அதில் அதிவேகமான நொசோமி ரயிலில் ஏறத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இதில் ஷின்-ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையே நொசோமி, மிசுஹோ இரண்டுமே அடக்கம்.

இப்போது இந்தப் பாஸின் பெரிய கண்ணி. கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் ஓடுகிறது, 15 நிமிடத்தில் போய்விடும். அந்தத் துண்டுக்கு இந்தப் பாஸ் செல்லாது. கியோட்டோ நிலையத்தின் ஷின்கான்சென் வாயிலில் பாஸைப் போட்டால் கதவு திறக்காது. காரணம் 1987இல் நடந்த பிரிவினை. அரசு ரயில்வேயைப் பல நிறுவனங்களாக உடைத்தபோது டோக்கியோ முதல் ஷின்-ஒசாகா வரையுள்ள பாதை ஜே.ஆர். டோகாய் கைக்கும், அதற்கு மேற்கே உள்ள பாதை ஜே.ஆர். வெஸ்ட் கைக்கும் போயின. தண்டவாளம் ஒன்றாக இருந்தாலும் வருமானம் வேறு வேறு பெட்டிக்குப் போகிறது. கியோட்டோவில் தங்கியிருப்பவர்கள் சாதாரணத் தடத்தில் ‘ஷின்கைசோகு’ என்னும் கூடுதல் கட்டணமில்லாத விரைவு வண்டியில் ஏறி, 25 நிமிடத்துக்குள் ஷின்-ஒசாகாவில் இறங்கி, அங்கே ஷின்கான்சென் மாற வேண்டும். மாற 20 நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். மாடி ஏறி இறங்க வேண்டும், கூட்டமும் இருக்கும். சில ஷின்கைசோகு வண்டிகளின் 9ஆம் பெட்டியில் ‘ஏ சீட்’ என்ற சொகுசு இருக்கைகள் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், வெறும் பாஸை நம்பி அதில் உட்கார வேண்டாம்.

ஷின்-ஒசாகாவில் நின்று யோசிக்க வேண்டிய இன்னொன்று, எந்த வண்டி என்பது. பெயர் பிரபலமானது என்பதால் எல்லோரும் நொசோமியைத் தேடுகிறார்கள். 16 பெட்டி, வரிசைக்கு 3+2 இருக்கை, டோக்கியோவிலிருந்து நிறைந்தே வருகிறது. 2025 மார்ச்சிலிருந்து அதில் முன்பதிவில்லாத பெட்டிகள் இரண்டே இரண்டு. புத்தாண்டு, மே மாதத் தொடக்க விடுமுறை, ஆகஸ்ட் ஓபோன் நாள்களில் அந்த இரண்டும் கிடையாது, முழு வண்டியும் முன்பதிவுக்கே. இந்தப் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பொருத்தமானது சகுரா. ஷின்-ஒசாகாவிலேயே புறப்படுவதால் காலியாக வந்து நிற்கும். 8 பெட்டிதான், ஆனால் முன்பதிவுப் பெட்டிகளில் வரிசைக்கு 2+2 இருக்கை. கைப்பிடி அகலம், நடு இருக்கை என்ற தொல்லையே இல்லை. வேறு ரயில்களில் இந்த இடத்துக்கு கிரீன் கார் என்ற முதல் வகுப்பு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஹிரோஷிமாவுக்கு ஒன்றரை மணி நேரம், நொசோமியைவிடச் சில நிமிடங்களே கூடுதல். கொடாமா என்ற பெயரைப் பார்த்தால் விட்டுவிடுங்கள், அது ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று போகும்.

இருக்கை முன்பதிவு பாஸிலேயே அடக்கம், நிலையத்தில் உள்ள பச்சை நிற டிக்கெட் இயந்திரத்தில் பாஸைச் செருகி நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை முறை என்பதற்கு வரம்பு உண்டு. அந்த வாய்ப்புகளை ஷின்கான்செனுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சூட்கேஸ் விஷயம் நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஷின்கான்செனில் அது பெரிய பெட்டி. பெட்டிக்கு இடம் உள்ள கடைசி வரிசை இருக்கையை முன்கூட்டியே எடுக்க வேண்டும். எடுக்காமல் ஏற்றினால் 1,000 யென் கட்டச் சொல்வார்கள். 24 அங்குலச் சூட்கேஸ் தப்பிக்கும். 28 அங்குலம் எல்லைக்கோட்டில் நிற்கும், சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளந்து பாருங்கள். 30 அங்குலம் நிச்சயம் தாண்டும்.

வாங்குவது எளிது. ஜே.ஆர். வெஸ்டின் இணையதளத்தில் பணம் கட்டிவிட்டு, கன்சாய் விமான நிலையத்திலோ கியோட்டோ, ஷின்-ஒசாகா போன்ற பெரிய நிலையங்களிலோ கடவுச்சீட்டைப் படிக்கும் இயந்திரத்தில் சீட்டை எடுக்கலாம். குறுகிய காலத் தங்கல் அனுமதியில் வந்தவர்களுக்கு மட்டுமே விற்கப்படும். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ ஜப்பானில் இருப்பவர்களுக்குக் கிடையாது. கைக்கு வருவது ஒரு சிறிய சீட்டுத்தான். அதைத் தானியங்கி வாயிலில் ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும், எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். வெளியே வரும் அவசரத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போவோர் உண்டு. தொலைத்தால் மறுசீட்டு இல்லை. ஐந்து நாள் என்பது நாட்காட்டி நாள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினாலும் அது முதல் நாளாகிவிடும். இரவில் வந்து இறங்குகிறவர்கள் ஹாருகாவுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து பாஸைத் தொடங்குவது நல்லது.

கியோட்டோவுக்குள் இந்தப் பாஸால் பெரிய பயன் இல்லை. கின்ககுஜி, கியோமிசு, கியோன் எதுவும் ஜே.ஆர். தடத்தில் இல்லை. அவற்றுக்கு நகரப் பேருந்துதான், ஒரு முறைக்கு 230 யென். அந்த நாள்களுக்கு 1,100 யென் பேருந்து–சுரங்க ரயில் ஒருநாள் சீட்டு போதும். கியோட்டோ நகரத்தை இரண்டு நாள் முதலில் சுற்றி முடித்துவிட்டு, பிறகு பாஸைத் தொடங்குங்கள். கியோட்டோவில் இதற்கு உதவுவன மூன்றே திசைகள். சாகா-அராஷியாமா, மூங்கில் காட்டுக்கு. கியோட்டோ நிலையத்தின் மேற்குக் கோடியில் உள்ள 32, 33ஆம் நடைமேடைகள், அதுவரை நடக்கவே ஐந்து நிமிடம் ஆகும். இனாரி, ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரண வாயில்கள் கொண்ட ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கோயில். மூன்றாவது ஊஜியும் நாராவும். இனாரியும் ஊஜியும் நாராவும் ஒரே தடம் என்பதால் தவறு நடப்பதும் இங்கேதான்: மியாகோஜி விரைவு வண்டி இனாரியில் நிற்காது. கண்ணெதிரே சிவப்பு வாயில்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே ரோகுஜிசோ நிலையம்வரை போக வேண்டியதாகிவிடும். இனாரிக்கு எல்லா நிலையத்திலும் நிற்கும் சாதா வண்டி, ஊஜிக்கும் நாராவுக்கும் மியாகோஜி.

ஊஜியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 10 யென் நாணயத்தை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும் கட்டடம் இங்குள்ள பியோதோஇன் கோயிலின் பீனிக்ஸ் மண்டபம். 1053இல் கட்டியது, எரியாமல் இடியாமல் இன்றும் நிற்கிறது. குளத்துக்கு எதிர்க்கரையில் நின்று நாணயத்தை உயர்த்திப் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். நாராவில் மட்டும் ஒரு குறை: ஜே.ஆர். நிலையம் மான்கள் திரியும் பூங்காவிலிருந்து தள்ளி இருக்கிறது, 20 நிமிட நடை. கின்தெட்சு என்ற தனியார் ரயிலின் நிலையம் பூங்காவுக்குப் பக்கம், ஆனால் பாஸ் அதில் செல்லாது.

ஹிமேஜியை ஹிரோஷிமா போகும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். சூட்கேஸை நிலைய லாக்கரில் வைத்துவிட்டு நேரே வடக்கு நோக்கி நடந்தால் 20 நிமிடத்தில் கோட்டை. பாதை முழுக்க அது கண்ணெதிரிலேயே வளர்ந்துகொண்டே வரும். 1609இல் முடிந்த கட்டடம், 1993இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2026 மார்ச் முதல் வெளியூர்க்காரர்களுக்கு நுழைவு 2,500 யென், முன்பு 1,000. ஏற்றம் அதிகம்தான். இருந்தாலும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது, வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். வாசலில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மரத் தரை பல நூறாண்டு தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது; காலுறையோடு நடந்தால் சறுக்கும். மேலே போகப் போகப் படிகள் ஏணிபோல் நிமிர்ந்துவிடும். அடித்தளத்திலிருந்து உச்சி மாடிவரை கட்டடத்தைத் தாங்கும் இரண்டு பெருந்தூண்களை ஒவ்வொரு மாடியிலும் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏறலாம். கிழக்குத் தூண் பழையது. மேற்குத் தூணை 1950–60களில் நடந்த பெரும் பழுதுபார்ப்பில் மாற்றினார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் மேல்மாடிக்கு முயல வேண்டாம். கடைசி நுழைவு மாலை 4 மணி.

ஹிமேஜிக்கும் ஹிரோஷிமாவுக்கும் நடுவே உள்ள ஒகாயாமாவில் இறங்கி, பழைய கால்வாய்த் தெருவுக்குப் பேர்போன குராஷிகி போகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: ஷின்-குராஷிகி என்ற ஷின்கான்சென் நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள். அந்தத் தெரு அங்கே இல்லை. ஒகாயாமாவில் சாதா ரயிலுக்கு மாறி 17 நிமிடம் போனால் குராஷிகி நிலையம், அங்கிருந்து 15 நிமிட நடை. 1930இல் தொடங்கிய ஓஹாரா ஓவியக்கூடமும் அங்கேதான். திங்கட்கிழமை போனால் பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஹிரோஷிமாவில் டிராம் ஜே.ஆருக்குச் சொந்தமில்லை, பாஸ் செல்லாது, ஒரு முறைக்கு 240 யென். ஆனால் ஷின்கான்சென் வாசல் பக்கம் புறப்படும் ‘மேப்புரூப்பு’ என்ற சுற்றுலாப் பேருந்து ஜே.ஆருடையது. பாஸைக் காட்டினால் போதும், அணுகுண்டு நினைவு மாடத்தின் பக்கத்திலேயே இறக்கிவிடும். 1915இல் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்ஸல் வடிவமைத்த பொருட்காட்சிக் கூடம் அது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15க்குக் குண்டு கிட்டத்தட்ட நேர் மேலே வெடித்ததால் அழுத்தம் மேலிருந்து இறங்கியது, சுவர்களில் ஒரு பகுதி நின்றுவிட்டது. நினைவு அருங்காட்சியகத்தின் நுழைவு 200 யென் மட்டுமே. காலை 7:30க்குத் திறக்கிறது, முதல் ஒரு மணி நேரம் இணையத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு. அந்த நேரத்தை எடுத்துவிடுங்கள். பத்து மணிக்குமேல் கூட்டம் நெரியும். கருகிய சாப்பாட்டு டப்பாவின் முன் நிற்க நினைத்தாலும் பின்னால் வருபவர்கள் நகர்த்திக்கொண்டே போவார்கள். இந்த இடத்தைப் பார்ப்பதற்கு அமைதி வேண்டும்.

இந்தப் பாஸின் உச்சம் மியாஜிமா. ஹிரோஷிமாவிலிருந்து சாதா ரயிலில் அரை மணிக்குள் மியாஜிமாகுச்சி, ஐந்து நிமிடம் நடந்தால் படகுத்துறை. அங்கே அடுத்தடுத்து இரண்டு நிறுவனங்களின் படகுகள் நிற்கின்றன. ஜே.ஆர். படகில்தான் பாஸ் செல்லும். தவறிப் பக்கத்துப் படகுக்குப் போனால் 200 யென் போகும். தீவுக்குள் நுழைய 100 யென் வரி, அது பாஸில் அடங்காது, எல்லோரும் தனியாகக் கட்ட வேண்டும். கடல் கடக்கப் பத்தே நிமிடம். காலை 9 மணிக்குமேல் மாலை 4 மணிவரை ஜே.ஆர். படகு வழியை வளைத்துக்கொண்டு பெரிய தோரண வாயிலின் அருகே போகிறது. போகும்போது வலப்பக்க ஓரத்தில் நில்லுங்கள்.

அந்த வாயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது நிற்பது 1875இல் எழுப்பியது. உயரம் 16 மீட்டருக்கு மேல், எடை 60 டன் அளவில், முதன்மைத் தூண்கள் கற்பூர மரம். கடலடியில் அதைக் குழி தோண்டி நடவில்லை. தன் எடையிலேயே நிற்கிறது. மேல் உத்திரத்தின் உள்ளே கல்லை நிரப்பிப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். 2019 முதல் 2022 இறுதிவரை பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டி மறைத்திருந்தது, இப்போது பளிச்சென்று நிற்கிறது.

இதைப் பார்ப்பதற்கு நேரம் குறிப்பது கடலின் ஏற்றவற்றம். கடல் மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் வாயிலும் கோயிலும் நீரில் மிதப்பதுபோல் இருக்கும். 100 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் ஈர மணலில் நடந்து தூணடிவரை போகலாம், தூணில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே போனால் இரண்டும் கிடைக்காது: சேறும் கணுக்கால் நீருமாக இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். மியாஜிமா சுற்றுலா அமைப்பின் தளத்தில் நாள்வாரியாக நீர்மட்ட அட்டவணை இருக்கிறது. ஐந்து நாள் பாஸில் மியாஜிமாவை எந்த நாளில் வைப்பது என்பதை அந்த அட்டவணையைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள், மற்ற ஊர்களை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். ஏற்றத்தின்போது இறங்கி, 300 யென் கொடுத்து இட்சுகுஷிமா கோயிலின் மேடைகளில் நடந்து, 535 மீட்டர் உயர மிசென் மலைக்குக் கம்பிவட வண்டியில் போய்வந்தால், வற்றம் தொடங்கும் நேரம் சரியாக வரும். பாஸ் இருப்பதால் படகுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஹிரோஷிமாவில் தங்கியிருப்பவர்கள் மாலையில் விளக்கு ஏற்றியபின் மறுபடி ஒரு முறை போய்வர இது பெரிய வசதி. மான்கள் கையில் உள்ள காகிதத்தைப் பிடுங்கித் தின்னும். பாஸ் சீட்டை உள் பையில் வையுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஹிரோஷிமாவின் புகழ்பெற்ற ஒகோனோமியாகி என்ற தோசை போன்ற உணவைக் கேட்கும்போது, பன்றி இறைச்சி மட்டுமல்லாமல் மேலே தூவும் மீன் சீவலையும் மீன் பொடியையும் சேர்த்தே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மாவிலேயே மீன் சாறு கலக்கும் கடைகளும் உண்டு.

கடைசி நாளில் ஹிரோஷிமாவிலிருந்து நேரே விமான நிலையம் போகிறவர்களுக்கும் பாஸ் முழுவதும் செல்லும்: ஷின்-ஒசாகாவரை சகுரா, அங்கிருந்து 50 நிமிடம் ஹாருகா. ஹாருகாவைத் தவறவிட்டு ஒசாகா நிலையத்திலிருந்து விமான நிலைய விரைவு வண்டியில் ஏறினால் பெட்டி எண்ணைப் பாருங்கள். அந்த வண்டி ஹினேனோ நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. 1 முதல் 4 வரையுள்ள பெட்டிகள் விமான நிலையத்துக்குப் போகும், 5 முதல் 8 வரை வகயாமாவுக்குப் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் பின்பெட்டியில் உட்கார்ந்துவிட்டால், ஹினேனோவில் வண்டி நிற்கும் சில நிமிடத்துக்குள் இறங்கி நடைமேடையிலேயே முன்பெட்டிக்கு ஓடிவிட வேண்டும்.